மினுக்கு வராத அச்சுப்படம்

அமெரிக்கப் பெண் ஓவியர் மிக்கலீன் தாமஸ் 2010இல் செய்த 'மூன்று கறுப்புப் பெண்கள்' ஓவியத்தின் அச்சுப்படம் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். பிரெஞ்சு ஓவியர் எதுவார் மானே 1863இல் வரைந்த 'புல்வெளி விருந்து'தான் இதற்கு மூலம். அதில் கோட்டு போட்ட இரண்டு ஆண்கள் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒரு பெண் மட்டும் உடையில்லாமல் உட்கார்ந்திருப்பாள். பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோன் அதை நிராகரித்தது.

தாமஸ் அந்த ஆண்களைக் கிளப்பிவிட்டார். உட்கார்ந்திருக்கும் விதம் ஏறக்குறைய அதேதான், ஆனால் மூவரும் பெண்கள். பூப்போட்ட, கண்ணைப் பறிக்கும் உடைகள். மூன்று பேரும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். தன்னை வெளிப்படையாகக் குயர் (ஆண்-பெண் ஈர்ப்பு என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காதவர்) என்று சொல்லிக்கொள்ளும் ஒரு பெண் வரைந்தது என்று தெரிந்த பிறகு அந்தப் பார்வைக்கு வேறு சூடு வந்துவிடுகிறது. யாருக்காகவும் அலங்கரித்துக்கொண்டவர்கள் இல்லை இவர்கள்.

சரி, அச்சுக்கு வருவோம். அசலில் அக்ரிலிக், எனாமலோடு ஆயிரக்கணக்கான ரைன்ஸ்டோன் என்னும் போலி வைரக் கற்களும் உண்டு. நாம் நகர நகர மின்னுவது அவைதான். என் பிரதியில் அவை வெறும் சாம்பல் புள்ளிகள். தலைமுடி ஓரத்தில் பொடுகு மாதிரி தெரிகிறது! பளபளப்புத் தாள் என்று போட்டிருந்தார்கள், வந்தது மங்கல் தாள். போதாக்குறைக்கு இடது ஓரத்தில் ஒரு விரல் அகலம் வெட்டுப்பட்டிருக்கிறது. புகார் எழுதினேன், பதில் இல்லை.

நிறங்களுக்கு மட்டும் குறை சொல்ல மாட்டேன். மூன்று நட்சத்திரம், அதில் இரண்டரை தாமஸுக்கு.