பிரஸ் ஸ்டார்ட் 2பி ஃபான்ட்: மூன்று வருடம் புழங்கிய பிறகு

வடபழனியில் ஒரு வீடியோ கேம் கடைக்குப் பெயர்ப் பலகை செய்தபோதுதான் பிரஸ் ஸ்டார்ட் 2பி ஃபான்ட்டை முதன்முதலில் எடுத்தேன். மூன்று வருடம் ஆகிறது. கல்லூரி சிம்போசியம் போஸ்டர், டி-ஷர்ட், ஸ்டிக்கர் என்று அதற்குப் பிறகு நான் அதைக் கீழே வைக்கவே இல்லை.

நாம்கோ என்ற ஜப்பான் நிறுவனத்தின் 1980களின் ஆர்கேட் (காசு போட்டு ஆடும்) வீடியோ கேம்களில் வந்த எழுத்துகளை ஒட்டி, கோட்மேன்38 என்ற பெயரில் இயங்குபவர் செய்தது இது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. வியாபார வேலைக்கும் போடலாம், ஃபான்ட்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. ஒவ்வொரு எழுத்தும் கோலக் கணக்கில் சொன்னால் எட்டுப் புள்ளி, எட்டு வரிசை. நிற்கும் கோடுகள் இரண்டு பிக்சல் தடிமன், படுக்கும் கோடுகள் ஒன்று. சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றாலும் கண்ணில் படுகிறதே, அந்தத் தடிமனால்தான்.

திரையில் போடுவதென்றால் அளவு 8, 16, 24, 32 என்று எட்டின் மடங்காகத்தான் இருக்க வேண்டும். தெரியாமல் 30 வைத்து ஒரு பேனர் செய்தேன். ஒரு கோடு தடிப்பாகவும் அடுத்தது ஒல்லியாகவும் வந்து, ஓரமெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. போல்டு பொத்தானைத் தொடவே தொடாதீர்கள், எழுத்தின் உள் இடைவெளி அடைந்துவிடும். அச்சுக்கு ஜேபெக் அனுப்பி ஒருமுறை முழு போஸ்டரும் ஓரம் கலங்கி வந்தது. இப்போது எழுத்தை அவுட்லைனாக (கோட்டு வடிவமாக) மாற்றி, பிடிஎஃப் மட்டும்தான் தருகிறேன். தலைப்புக்கும் விலைக்கும் அருமையாக இருக்கும். பத்தி எழுத வேண்டாம், படிப்பவருக்குக் கண் வலிக்கும்.

இதில் தமிழ் கிடையாது. அந்தக் குறை எனக்கு உறைத்தது ஒரு டீக்கடையில். ரிச்சி தெருவில் வாங்கிய பி10 (விளக்குகளுக்கு இடையே 10 மி.மீ.) எல்இடி பலகையில் ஆங்கிலம் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, நம்ம எழுத்து இந்த மாதிரி வராதா?" என்று கடைக்கார அண்ணன் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அன்றிரவே கட்டம் போட்ட நோட்டை எடுத்தேன். எட்டு வரிசையில் நம் எழுத்து அடங்காது. மேலே மெய்யெழுத்தின் புள்ளியும் இகரத்தின் வளைவும் வேண்டும், கீழே உகரத்தின் வால் வேண்டும். பி10 பலகை ஒன்றில் அகலத்துக்கு 32, உயரத்துக்கு 16 விளக்குகள். அந்தப் பதினாறையே பங்கு போட்டேன்: மேலே 3, உடலுக்கு 9, கீழே 4. ட, ப இரண்டும் கோடு கிழித்தாற்போல் வந்துவிட்டன. ண பக்கவாட்டில் இடம் கேட்டது. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்ற பிடிவாதத்தை அங்கேதான் விட்டேன். ஆங்கிலத்துக்கு அது அழகு, தமிழுக்கு அது இறுக்கமான சட்டை.

சோதிக்க எடுத்த சொல் "சுக்கு காபி". மேலே புள்ளி, கீழே வால், இகர வளைவு எல்லாம் அதிலேயே இருக்கின்றன. நான்கு பலகையைச் சேர்த்து மாட்டி எரியவிட்டோம். அண்ணன் சாலையைத் தாண்டிப் போய் நின்று, அங்கிருந்தே சத்தமாக வாசித்தார்.

இன்னும் ஞ, ஔ, கிரந்த எழுத்துகள் பாக்கி.