பெங்களூரு–ஐரோப்பா விமானம் தாமதமா? கவுண்டரில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் போகிறவர்களிடம் திரும்பத் திரும்ப இதே கதைதான் நடக்கிறது. விமானம் ஏழெட்டு மணி நேரம் லேட். கவுண்டரில் கேட்டால், “தாமதத்துக்கு இந்தியாவில் இழப்பீடு கிடையாது சார், சாப்பாட்டுக் கூப்பன் தர்றோம்” என்கிறார்கள். இந்திய விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் விதியில் வெறும் தாமதத்துக்குப் பணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் வாய் திறக்காத விதி ஒன்று இருக்கிறது: ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004.

விமானத்தை இயக்குவது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனம் என்றால், பெங்களூரிலிருந்து கிளம்பும் விமானத்துக்கும் இந்த விதி செல்லும். போய்ச் சேருவது 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் தலைக்கு 600 யூரோ. 4 மணி நேரத்துக்குள் என்றால் 300 ஆகக் குறைக்கலாம். டிக்கெட் வாங்கிய குழந்தைக்கும் உண்டு. சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரமல்ல, கதவு திறந்த நேரம். அதைக் குறித்து வையுங்கள்.

டிக்கெட்டில் ‘ஆப்பரேட்டட் பை’ என்ற வரியைப் பார்க்காமல் விடாதீர்கள். ஐரோப்பிய நிறுவனத்தின் எண்ணில் விற்று, இந்திய நிறுவனம் ஓட்டினால், போகும்போது இந்தப் பணம் கிடையாது. வரும்போது கணக்கே வேறு. ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து கிளம்பினால் எந்த நாட்டு நிறுவனமானாலும் விதி பொருந்தும். பாரிஸ்–துபாய்–பெங்களூரு ஒரே புக்கிங்கில் இருந்து, துபாயில் இணைப்பு விமானம் தவறினாலும் பெங்களூரு சேர்ந்த நேரம்தான் கணக்கு. இரண்டு பிஎன்ஆராக வெட்டி மலிவாக விற்கும் ஏஜென்ட்டிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு போச்சு. டெல்லி வழியாக அப்படிப் போவது டிசம்பர், ஜனவரிப் பனிமூட்டத்தில் இன்னும் ஆபத்து: முதல் விமானம் லேட்டானால் இரண்டாவது டிக்கெட் ‘நோ ஷோ’ (பயணி வரவில்லை) ஆகிவிடும், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

பனிமூட்டம், புயல், பறவை மோதல் காரணமென்றால் இழப்பீடு இல்லை. சாதாரண இயந்திரக் கோளாறு அந்தக் கணக்கில் வராது என்று ஐரோப்பிய நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதனால்தான் ‘ஆபரேஷனல் ரீசன்ஸ்’ என்று மழுப்புகிறார்கள். காரணத்தை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

மோசமான இடம் கையெழுத்துதான். டேப்லெட்டை நீட்டி, “ஹோட்டலுக்குத்தான், இங்க சைன் பண்ணுங்க” என்பார்கள். கீழே பொடி எழுத்தில், டிராவல் வவுச்சரை முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்றிருக்கும். இழப்பீட்டை ரொக்கமாகவோ வங்கி வழியாகவோ தர வேண்டும். வவுச்சர் தர உங்கள் கையெழுத்துள்ள சம்மதம் தேவை. அந்தச் சம்மதத்தைத்தான் அவசரத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். சாப்பாடும் ஹோட்டலும் தனி உரிமை, அதற்காக இழப்பீட்டை விட்டுத்தர வேண்டியதில்லை.

போர்டிங் பாஸ், அறிவிப்புப் பலகையின் படம், சாப்பாடு, டாக்சி ரசீது எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நிறுவனத்தின் சொந்த இணையதளப் படிவத்தில் நேரடியாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார். அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2 ஆண்டுக்குள். கூகுளில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்ணில் யாராவது ரீஃபண்டுக்காக ஒரு ஆப்பை இறக்கி திரையைக் காட்டச் சொன்னால், அந்த நொடியே போனை வையுங்கள். அது வங்கிக் கணக்கைத் துடைக்கும் கும்பல்.