சேலம் கொலுசு அமெரிக்கா போக: தபாலா, கூரியரா, மொத்தச் சரக்கா?

‘அமெரிக்காவில் ஐம்பது சதவீத வரி’ என்ற ஒற்றைச் செய்தியை மட்டும் நம்பிக் கொலுசுக்கு விலை போட்டால் கணக்கு தப்பும். அது ஒரு வரியல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய அடுக்கு. எத்தனை அடுக்கு ஏறும், எந்த விலையின்மேல் ஏறும், யார் அதைக் கட்டுவார்கள் என்பதெல்லாம் சரக்கு போகும் வழியைப் பொறுத்தது. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பகுதிப் பட்டறைகளில் செய்த கொலுசை இணையத்தில் நேரடியாக விற்பவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு: தபால், கூரியர், அமெரிக்காவில் ஒரு கிடங்கில் மொத்தமாக இறக்கி வைப்பது. மூன்றையும் ஒரே ஜோடிக் கொலுசை வைத்து அளந்து பார்க்கிறேன். எடுத்துக்கொண்டிருப்பது 2025 அக்டோபர் பாதியிலிருந்து அந்த ஆண்டு இறுதி வரை இருந்த நிலவரம். அதன்பின் வீதங்கள் மாறியிருக்கின்றன; எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அடுக்குகள். வெள்ளி நகைக்கு அமெரிக்காவில் வழக்கமாக உள்ள சுங்க வரி 5 சதவீதம். டஜன் 18 டாலருக்கு மேற்படாத மலிவுச் சரக்குக்கு 13.5 சதவீதம், கொலுசு அந்த வகைக்குள் வராது. இதன்மேல் 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியச் சரக்குக்குப் ‘பரஸ்பர வரி’ 25 சதவீதம். ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. ஆக மொத்தம் 55. மூன்றையும் ஒரே மதிப்பின்மேல் தனித்தனியே போட்டுக் கூட்டுகிறார்கள். வரியின்மேல் வரி ஏறுவதில்லை. நம் இறக்குமதிக் கணக்கில் பழகியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். 2024 ஜூலை பட்ஜெட் குறைத்த வீதப்படி, வெள்ளிக் கட்டி இந்தியாவுக்குள் வரும்போது அடிப்படை வரி 5, வேளாண் உள்கட்டமைப்பு வரி 1, இவற்றைச் சேர்த்த 106 ரூபாயின்மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 9.18. இங்கே மேல்வரி கீழ்வரியையும் சேர்த்துக்கொண்டு வளர்கிறது. அங்கே வெறும் கூட்டல்.

ஆனால் சிறு விற்பனையாளரைச் சாய்த்தது இந்தச் சதவீதங்கள் மட்டுமல்ல. 2016 முதல் 800 டாலர் வரையிலான பார்சல் வரியே இல்லாமல் அமெரிக்காவுக்குள் போய்வந்தது. 2025 ஆகஸ்ட் 29 அன்று அந்த விலக்கு எல்லா நாடுகளுக்கும் நீங்கியது. பெரிய ஏற்றுமதியாளருக்கு 5 என்பது 55 ஆயிற்று. ஒன்றும் இரண்டுமாக ஜோடி அனுப்பிக்கொண்டிருந்த பட்டறைக்காரருக்குப் பூஜ்யமாக இருந்தது ஒரே நாளில் ஐம்பதும் அதற்கு மேலும் ஆயிற்று. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இனி ஒரு ஜோடிக் கொலுசு, வரி சேராமல் வாடிக்கையாளர் கொடுக்கும் விலை 150 டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

தபால் வழி ஏறக்குறைய ஏழு வாரம் அடைபட்டே கிடந்தது. ஆகஸ்ட் 25 முதல் இந்திய அஞ்சல் துறை அமெரிக்கப் பார்சல்களில் பெரும்பாலானவற்றை நிறுத்தியது. அக்டோபர் 15 அன்றுதான் மீண்டும் திறந்தது. திறந்தபோது வந்த ஏற்பாடு சிறு விற்பனையாளருக்குச் சாதகமானது. அறிவித்த மதிப்பில் 50 சதவீதத்தைப் புக்கிங் செய்யும்போதே நம்மிடம் வாங்கிக்கொள்வார்கள். பொருளுக்கு உரிய அடிப்படைச் சுங்க வரி தபாலுக்குச் சேராது. இந்த வசதிக்கென்று தனிக் கட்டணமும் அஞ்சல் துறை கேட்பதில்லை. 150 டாலருக்கு 75 டாலர், அவ்வளவுதான். சதவீதத்துக்குப் பதில் பார்சலுக்கு இத்தனை டாலர் என்று நிலையாக வாங்கும் முறையையும் அமெரிக்க உத்தரவு ஆறு மாதத்துக்கு அனுமதித்திருந்தது. இந்தியா போல வரி உயர்ந்த நாட்டுக்கு அந்தத் தொகை 200 டாலர். 150 டாலர் கொலுசுக்கு 200 டாலர் வரி! நல்லவேளையாக அஞ்சல் துறை அந்தப் பக்கம் போகவில்லை.

தபாலின் குறை வேகம். தீபாவளிக்குக் கேட்பவருக்கு அது பெரிய குறை. நகையை எந்த வகைத் தபாலில் ஏற்பார்கள், காப்பீடு எவ்வளவு என்பதையும் அஞ்சலகத்தில் கேட்டு உறுதிசெய்த பிறகே ஆர்டர் எடுக்க வேண்டும்.

கூரியரில் முழு அடுக்கும் ஏறும். 150 டாலருக்கு 82.50 டாலர். வரியை நமக்காக முன்கூட்டிக் கட்டியதற்கும், சுங்கத்தில் சரக்கை விடுவித்ததற்கும் கூரியர் நிறுவனம் கேட்கும் கட்டணம் வேறு. இன்வாய்ஸில் எழுதும் ஒரு சொல்கூட இங்கே பணமாகிவிடும். வெள்ளிக் கொலுசை ‘ஃபேஷன் ஜுவல்லரி’ என்று எழுதி, கவரிங் நகைக்கான 7117 என்ற சுங்கத் தலைப்பு எண்ணில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கவரிங் என்றால் வரி குறையும் என்ற நினைப்பு. அந்தத் தலைப்பில் பெரும்பாலான நகைகளுக்கு அடிப்படை வரி 11 சதவீதம். மொத்தம் 61 ஆகி, அதே ஜோடிக்கு 91.50 டாலர் போய்விடும். வெள்ளி நகைக்கான 7113.11 என்று சரியாக எழுதினால் ஜோடிக்கு 9 டாலர் மிச்சம். எழுதியதும் உண்மையாக இருக்கும்.

கூரியரில் இன்னொரு வாய்ப்பும் தருவார்கள்: வரியைப் பெறுகிறவர் கட்டட்டும் என்று விட்டுவிடலாம். விலைப்பட்டியலில் கொலுசு மலிவாகத் தெரியும், அதனால் பலர் அதில் விழுகிறார்கள். எனக்குத் தெரிந்த சிவதாபுரத்து விற்பனையாளர் ஒருவர் அப்படித்தான் நியூ ஜெர்சிக்கு அனுப்பினார். “அண்ணா, வாசலில் வந்து நின்று எண்பது டாலருக்கு மேல் கேட்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்கவே மாட்டேன்” என்று செய்தி வந்தது. பார்சல் திரும்பியது, திரும்பும் செலவும் விற்றவர் தலையில். திரும்பி வரும் சரக்கு நாம் அனுப்பியதுதான் என்று காட்ட முடிந்தால், மூன்று ஆண்டுக்குள் வருவதற்கு இங்கே சுங்க வரியில் விலக்கு கிடைக்கும்; ஏற்றுமதியின்போது பெற்ற சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். இந்த அலைச்சலெல்லாம் ஒரு ஜோடிக்கு! வரியை விலையிலேயே சேர்த்து, சேர்த்திருக்கிறோம் என்று வெளிப்படையாக எழுதிவிடுவதே வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதை. பெறுகிறவர் தலையில் வரியைக் கட்டும் முறையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வழி கவர்ச்சியானது, காரணம் மதிப்பு. தபாலிலும் கூரியரிலும் வாடிக்கையாளர் கொடுக்கும் சில்லறை விலையின்மேல் வரி. மொத்தமாக ஒரு அமெரிக்க இறக்குமதியாளருக்கு விற்றால் மொத்த விலையின்மேல். அது 95 டாலர் என்றால் 55 சதவீதம் 52.25 டாலர். தபாலைவிட ஜோடிக்கு 22.75 டாலர் குறைவு. ஆனால் உண்மையான விற்பனை நடந்திருக்க வேண்டும். நம் சரக்கை நாமே நம் கணக்கில் கிடங்குக்கு அனுப்பினால் அங்கே விற்பனையே இல்லை. மதிப்பை வேறு முறையில் நிர்ணயிப்பார்கள், இன்வாய்ஸில் விருப்பம்போல் 95 என்று எழுத முடியாது. ஒரு தடவை அனுப்பும் சரக்கின் மதிப்பு 2,500 டாலரைத் தாண்டினால் முறையான சுங்கப் பதிவு, தரகர், வரி கட்டுவதற்கு உத்தரவாதமாக 50,000 டாலரில் தொடங்கும் ஆண்டு பிணைப் பத்திரத்துக்குப் பிரீமியம் என்று செலவுகள் வரிசையாக வரும். நூறு ஜோடி இறக்கினால் 5,225 டாலரை ஒரு ஜோடிகூட விற்கும் முன்பே கட்ட வேண்டும். வெள்ளி விலை ஏறி இறங்கும் காலத்தில் கடனுக்கு வெள்ளி வாங்கும் பட்டறை இதைத் தாங்காது.

மூன்று வழிக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 150 டாலர் கொலுசில் வெள்ளியின் விலையே 80 டாலர் என்றால், கம்பி இழுத்து, முத்துக் கோத்து, பொடி போட்டுப் பற்றவைத்து, மெருகேற்றிய கைகளின் கூலி, சேதாரம், பேக்கிங், விற்பவரின் லாபம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 70 டாலர்தான். தபால் வரி 75. உழைப்பைவிட உழைப்பின்மேல் விழும் வரி பெரிது, ஏனென்றால் வரி வெள்ளிக்கும் சேர்த்தே விழுகிறது. வெள்ளி விலையைக் குறைக்க முடியாது. அனுப்பும் செலவும் நம் கையில் இல்லை. குறைக்க எளிதாகக் கண்ணில் படுவது கூலி. அதைத் தொடவே கூடாது. அதற்குப் பதில் எடை குறைந்த, வேலைப்பாடு மிகுந்த கொலுசுகளை அமெரிக்காவுக்கென்று ஒதுக்குங்கள். வெள்ளியின் பங்கு குறையக் குறைய, அதே வரியில் கூலிக்கு இடம் கூடும்.

மாதம் சில டஜன் ஜோடிகளை விற்பவர் தபாலுக்கே போகலாம். கல்யாணத் தேதி நெருங்கிவிட்ட ஆர்டருக்கு மட்டும் கூரியர், வரியை நாமே கட்டும் முறையில். கிடங்கு என்பது ஒரே வடிவம் ஆண்டு முழுவதும் தவறாமல் விற்கிறது என்று தெரிந்த பிறகு யோசிக்க வேண்டியது.

வேறு சரக்கு என்றால் அடுக்கும் வேறு. எஃகு, அலுமினியத்துக்கு 2025 ஜூன் 4 முதல் தனியாக 50 சதவீதம். அந்த உலோகப் பகுதிக்குப் பரஸ்பர வரி மேலே ஏறாது. ஏற்காட்டுக் காப்பிக்கு அமெரிக்காவில் அடிப்படை வரியே இல்லை. 2025 நவம்பரில் காப்பி, தேயிலை, மசாலாப் பொருள்களுக்குப் பரஸ்பர வரி என்ற அடுக்கும் உதிர்ந்தது. சேர்வராயன் மலைக் காப்பியையும் மிளகையும் விற்பவர் வரியைவிட அமெரிக்க உணவு நிர்வாகத்தின் பதிவுக்கும் முன்னறிவிப்புக்கும்தான் அதிகம் தயாராக வேண்டும்.

அமெரிக்கா ஒன்றையே நம்பியிருக்க வேண்டியதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பார்சலுக்குச் சுங்க வரி கிடையாது, 10 சதவீத ஜி.எஸ்.டி. மட்டுமே. அங்கே நம் ஆண்டு விற்பனை 75,000 ஆஸ்திரேலிய டாலருக்குள் இருந்தால் அந்த ஜி.எஸ்.டி.க்குப் பதிவு செய்யும் கட்டாயமும் இல்லை. பெரிய விற்பனைத் தளம் வழியாக விற்றால் அந்தத் தளமே வசூலித்துக் கட்டிவிடும்.