ஆயில் கண்ணாடி மங்கினால்: துடைப்பதா, கழுவுவதா, கழற்றுவதா?

பைக் எஞ்சினின் பக்கவாட்டில், பெரும்பாலும் கிளட்ச் கவரின் கீழ்ப்பகுதியில், பெரிய பொத்தான் அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும். உள்ளே ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று குனிந்து பார்த்தாலே தெரிய வேண்டும் என்பதற்காக வைத்தது. சில வருடம் ஓடியதும் அது புகை படிந்த விளக்குச் சிமினி மாதிரி ஆகிவிடுகிறது. மட்டம் எங்கே, கறை எங்கே என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

சுத்தம் செய்யப் பல வழிகள் சொல்கிறார்கள். அதற்கு முன் அழுக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் வெளிப்பக்கத்தை ஒரு முறை துடைத்தாலே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும் என்பது என் ஊகம். பிரேக் கிளீனரை மட்டும் அதன் மேல் அடிக்க வேண்டாம். பெயர்தான் கண்ணாடி, பல வண்டிகளில் அது பிளாஸ்டிக். கடுமையான கரைப்பான் பட்டால் நுண்ணிய விரிசல் விட்டு வெளுத்துப் போகும், அப்புறம் எந்தத் துணியாலும் அது தெளியாது.

உட்பக்கக் கறைதான் என்றாலும் உடனே கழற்ற வேண்டியதில்லை. வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்தி, டார்ச்சைச் சாய்வாக அடித்தபடி, இன்னொருவரை விட்டு வண்டியை இரு பக்கமும் மெல்லச் சாய்க்கச் சொல்லுங்கள். ஆயில் மட்டம் நகரும், கறை நகராது. இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பழைய ஆயில் வெகுநாள் ஒரே மட்டத்தில் நின்றால் அங்கே ஒரு கோடு படிந்துவிடும். அந்தக் கோட்டையே மட்டம் என்று நம்பி, ஆயில் குறைந்த எஞ்சினை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். புது ஆயிலில் இதற்கு நேர்மாறான ஏமாற்று: அது தெளிவாக இருப்பதால், முழுக்க நிரம்பிய கண்ணாடியும் முழுக்கக் காலியான கண்ணாடியும் ஒன்று போலவே தெரியும். சாய்த்துப் பார்த்தால் இரண்டும் பிடிபட்டுவிடும். செலவே இல்லாத இந்த வழி போதுமானதாக இருந்தால், அடுத்த ஆயில் மாற்றம் வரை கறையை அப்படியே விட்டுவிடலாம்.

சரி, சாய்த்தும் ஒன்றும் தெரியவில்லை. இப்போதுதான் உண்மையான போட்டி.

முதலில், ஆயில் ஊற்றும் துளை வழியாகத் துடைப்பது. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் இரண்டு நிபந்தனைகள். துளை கண்ணாடிக்கு நேர் மேலேயோ பக்கத்திலேயோ இருக்க வேண்டும், பழைய ஆயிலை வடித்த நேரமாக இருக்க வேண்டும். வளைத்த கம்பியின் நுனியில் நூல் பிரியாத துணியைச் சுற்றி, மெல்லிய கம்பியால் இறுகக் கட்டி, புது ஆயிலில் தோய்த்துத் தேய்க்க வேண்டும். அந்தக் கறை வெறும் அழுக்கு அல்ல. சூட்டில் ஆக்சிஜனேற்றம் அடைந்த ஆயில் வார்னிஷ் போலப் படிந்தது. கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில் ஊறுவதால், அவற்றின் தேய்மானத் தூளும் அதில் கலந்திருக்கும். ஊற வைத்துத் தேய்த்தால் பெரும்பகுதி வந்துவிடும். பல எஞ்சின்களில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறு தகடு இருக்கும். அதுவும் கறுத்திருந்தால் கண்ணாடியை எவ்வளவு தேய்த்தாலும் இருட்டாகவே தெரியும்.

காதுக்கான பஞ்சுக்குச்சியை வைத்து இதைச் செய்யாதீர்கள். நான் செய்தேன். பஞ்சுத் தலை கழன்று உள்ளே விழுந்து, நீண்ட இடுக்கியும் டார்ச்சுமாக ஒரு மாலைப் பொழுது போனது. துணிக்குள் குட்டிக் காந்தத்தை வைத்து உள்ளே இறக்கி, வெளியே இன்னொரு காந்தத்தால் நகர்த்தும் தந்திரம் ஒன்றும் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது. உள்ளே இரும்புப் பல்சக்கரம் பக்கத்திலேயே இருக்கும்போது அந்தக் காந்தம் எதோடு போய் ஒட்டும் என்று யோசித்தால் அழகு குறைந்துவிடும்.

இரண்டாவது, ரசாயனம். பழைய ஆயிலில், எஞ்சினின் உட்புறத்தைக் கழுவுவதற்கான ஃப்ளஷ் திரவத்தை ஊற்றி, எஞ்சினைச் சில நிமிடம் சும்மா ஓடவிட்டு வடிப்பது. எஞ்சினுக்கு அதனால் நன்மையா என்பது தனி விவாதம், கண்ணாடிக்கு நான் பெரிதாக எதிர்பார்க்க மாட்டேன். திரவம் அதன் மேல் அலசிக்கொண்டு போகுமே தவிர தேய்க்காது. கார் எஞ்சினுக்கான ஃப்ளஷ் என்றால் ஆயிலில் ஊறும் கிளட்ச் வழுக்கும் அபாயமும் உண்டு. பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ, எம்ஏ2 என்று தரக் குறியீடு போட்டிருப்பதே அந்த ஈரக் கிளட்சுக்காகத்தான். மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கழுவச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பேரிங்குக்குத் தேவையான ஆயில் படலத்தை அது மெலிய வைக்கும், வடித்த பிறகும் மூலைகளில் தங்கிப் புது ஆயிலை நீர்க்க வைக்கும்.

மூன்றாவது, கவரையே கழற்றுவது. சுத்தத்தில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. கவரை மேசை மேல் போட்டு, கண்ணாடியையும் தகட்டையும் கண்ணால் பார்த்தபடியே துடைக்கலாம். ஆனால் கண்ணாடிக்காக மட்டும் இதில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் புதிதாக வேண்டும். பழையதைச் சுரண்டும்போது அலுமினிய முகத்தில் கீறல் விழுந்தால் அங்கேயே கசியும். சில வண்டிகளில் வாட்டர் பம்ப் அந்தக் கவரோடு இருப்பதால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டையும் வடிக்க வேண்டும். போல்ட்டுகள் வேறு வேறு நீளம். அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் வேண்டும், 6 மி.மீ. போல்ட் என்றால் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவில்தான், வண்டியின் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. கிளட்ச் தட்டு மாற்றும் நாள் வந்தால், அன்று இரண்டு நிமிடம் கண்ணாடிக்கும் ஒதுக்குங்கள்.

கண்ணாடியையே மாற்றுவது கடைசி வழி. விரிசல், கசிவு, அல்லது பிளாஸ்டிக்கே மஞ்சளித்துப் போனது, இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான். ஆயிலை வடித்துவிட்டு, நடுவில் சிறு துளை போட்டு, ஒரு ஸ்க்ரூவை முறுக்கி, அதைப் பிடித்து வெளியே இழுப்பது பலரும் செய்யும் முறை. துளை போடும் பிட்டில் கிரீஸ் தடவினால் துகள்கள் பெரும்பாலும் அதில் ஒட்டிக்கொள்ளும், எல்லாமே ஒட்டும் என்று சொல்ல முடியாது. ஸ்க்ரூடிரைவரால் குத்தி உடைத்தால் சில்லுகள் நேரே உள்ளேதான் போகும். கவர் கழன்று மேசையில் இருக்கும்போது இந்த பயமே இல்லை, பின்னாலிருந்து தட்டினால் வந்துவிடும். புதியதன் ரப்பர் விளிம்பில் ஆயில் தடவி, வெளி வளையத்தின் மேல் மட்டும் உட்காரும் அளவுள்ள சாக்கெட்டை வைத்து, கோணாமல் அழுத்துங்கள். நடுவில் அழுத்தினால் புதியதும் விரிசல் விடும்.

இந்தப் போட்டியிலேயே சேராத ஒன்று, பால் போன்ற வெண்மை. அது கறை அல்ல, ஆயிலில் கலந்த தண்ணீர். குளிர் நாட்களில் குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஈரம் குளிர்ந்து இப்படி ஆவது சகஜம். எஞ்சின் நன்றாகச் சூடாகும்படி நீண்ட தூரம் ஓட்டினால் மறையும். மறையாவிட்டால், அதுவும் கூலன்ட் ஊற்றும் வண்டியாக இருந்தால், வாட்டர் பம்ப் சீலையும் ஹெட் கேஸ்கெட்டையும் சோதிக்க வேண்டும்.

புதுக் கண்ணாடி மாட்டியவர்கள் எஞ்சினைச் சூடாகும் வரை ஓடவிட்டு, சுற்றிலும் உலரத் துடைத்துவிட்டு, அந்தப் பக்கமாகச் சாயும்படி வண்டியை இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள். காலையில் வளையத்தைச் சுற்றி டிஷ்யூ தாளை ஒற்றிப் பாருங்கள். ஈரம் பட்டால் வெளியே சிலிக்கான் பூசி மூடப் பார்க்காமல், கழற்றித் திரும்ப மாட்டுங்கள்.