வன்னியில் கியூப் கணக்கு மணல்: உழவு இயந்திரமா, டிப்பரா?

வீடு கட்டுகிறவர், மதில் எழுப்புகிறவர், கிணற்றுக்குக் கட்டுக் கட்டுகிறவர் எல்லாரும் வன்னியில் மணலைக் கியூப் கணக்கில்தான் வாங்குகிறார்கள். ஒரு கியூப் என்பது 100 கன அடி, மீற்றர்க் கணக்கில் 2.83 கன மீற்றர். நிறையோ மூட்டைக் கணக்கோ இதில் இல்லை. காசு முழுக்கக் கனவளவுக்கே போகிறது. ஆகவே மணல் கொண்டுவந்து இறக்கும் இந்தச் சேவையை மதிப்பிடும்போது, வந்து இறங்குகிற மணலை வாங்குகிறவரே அளந்து பார்க்க முடிகிறதா என்பதே முதற் கேள்வி.

அந்த வகையில் உழவு இயந்திரப் பெட்டிக்கே எங்கள் முதலிடம். பெட்டி நேர்ச்சுவர் கொண்ட கனவுரு. ஏறிப் பார்க்கலாம், அளவுநாடாவை உள்ளே பிடிக்கலாம். உள் நீளம் 10 அடி, அகலம் ஐந்தரை அடி, சுவர் 1 அடி 9 அங்குலம் என்றால் 10 × 5.5 × 1.75 = 96 கன அடி. சுவர் மட்டத்துக்கு நிரப்பினாலும் கியூப்புக்கு 4 கன அடி குறையும். மேலே அரை அடி குவித்து வந்தால் அந்தக் குவியலில் ஏறத்தாழ 11 கன அடி இருக்கும், கணக்கு நிறைந்துவிடும். பெட்டி ஆழம் குறைந்தது, பரப்பு பெரியது. அதனால் ஒவ்வொரு அங்குலமும் நாலரைக் கன அடிக்கு மேல் பிடிக்கும். சுவர் விளிம்புக்கு 4 அங்குலம் கீழே மணல் நின்றால் 18 கன அடி இல்லை. எட்டிப் பார்க்கும் கண்ணுக்கு அது கொஞ்சமாகத்தான் தெரியும். நேரான பலகையால் மேற்பரப்பை இழுத்து மட்டமாக்கி, நாலு மூலையிலும் நடுவிலும் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே என்று அளந்து சராசரி எடுக்க வேண்டும். வெளிப்பக்கம் அளந்தால் தகட்டின் தடிப்பும் சட்டமும் கணக்கில் ஏறிவிடும்.

டிப்பரில் இரண்டு சங்கடம். சுவர் உயரமானது, பின்கதவு பெரும்பாலும் சாய்வு. மேல் நீளம் 13 அடி, அடி நீளம் 12, அகலம் 7, உயரம் இரண்டரை என்றால் பக்கவாட்டு முகம் சரிவகம். ஆகவே நீளத்துக்குச் சராசரியான 12.5 அடியைப் போட வேண்டும்: 12.5 × 7 × 2.5 = 219 கன அடி. மேல் நீளத்தை மட்டும் பிடித்துப் பெருக்கினால் 227.5 வரும், ஏறத்தாழ 9 கன அடி காற்றுக்குக் காசு. 2 கியூப்புக்கு மேல் ஒரே நாளில் தேவை என்றால் டிப்பர் வசதிதான், வரும் தடவைகள் குறையும். ஒடுங்கிய ஒழுங்கைக்குள் அது வராது.

மணலைப் பறித்த பிறகும் அளக்கலாம். முற்றத்தில் நீளக் குவியலாகக் கிடந்தால் நடுப்பகுதி முக்கோண அரியம், இரு முனையும் சேர்ந்தால் ஒரு கூம்பு. அகலம் 8 அடி, உயரம் 2.7 அடி, முகடு 5 அடி நீளம் என்று வையுங்கள். அரியம் 54, கூம்பு 45, மொத்தம் 99 கன அடி. உயரத்தை முகட்டில் மெல்லிய கம்பியை நிலம் தட்டும்வரை குத்தி எடுக்க வேண்டும். ஓரங்களில் மணல் சிதறிக் கிடப்பதால் அகலத்தில் பிழை வரும். கூம்பில் அது வர்க்கமாகப் பெருகும். ஆகவே நம்பத் தகுந்தது பெட்டிக்குள் எடுத்த அளவுதான்.

மாரியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஈர மணல் ஊதிக் கிடக்கும். மணிகளைச் சுற்றிய நீர்ப்படலம் அவற்றை விலக்கி நிறுத்துவதே காரணம். ஆற்றில் மட்டமாக ஏற்றியது குழி வீதியில் குலுங்கி இறங்கியும் வரும். அதை உடனே களவு என்று சொல்வது சாரதிக்கு நியாயமில்லை. ஊதலை அறிய, அடி மூடிய 4 அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டில் ஈர மணலைத் தளர்வாக 20 சென்ரிமீற்றர் போட்டு, வெளியே கொட்டி, குழாயில் பாதி தண்ணீர் விட்டு, அதே மணலைத் திரும்பப் போட்டுக் கலக்குங்கள். 16 சென்ரிமீற்றரில் படிந்தால் ஊதல் 25 வீதம். 100 கன அடிக்குக் காசு கொடுத்து 80 கன அடி உலர் மணல் வாங்கியிருக்கிறீர்கள். வாளியில் இதைச் செய்யக் கூடாது. வாளி மேலே அகன்றது, உயரம் கனவளவைக் காட்டாது. விலை பேசும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது. அனுமதிப்பத்திரம் இல்லாத மணலை விலை குறைவென்று எடுக்க வேண்டாம்.

தேவையான அளவு மட்டும் இறக்குவதிலும் உழவு இயந்திரமே மேல். 20 அடிக்கு 12 அடி அறைக்கு 3 அங்குலக் கொங்கிறீற் நிலம் என்றால் கனவளவு 60 கன அடி. தண்ணீர் விட்டுக் கலந்தால் கனவளவு குறையும், ஆகவே உலர் கலவை சுமார் 1.54 மடங்கு வேண்டும், அதாவது 92 கன அடி. 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) கலவையில் மணல் ஏழில் இரண்டு பங்கு, 26 கன அடி. சல்லி அதன் இரட்டை, சீமெந்து 11 பை. மணல் 25 வீதம் ஊதியிருந்தால் 33 கன அடி இறக்க வேண்டும். அரைக் கியூப் கேட்டால் இது தாராளமாக முடிந்து, சுவருக்குப் பூசவும் கொஞ்சம் மிஞ்சும்.