640 கிராம் நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டர்: வாங்காதீர்கள்

பிரிட்டனில் இந்தச் சிரிப்பு வாயுவைக் கிரீம் நுரைக்க என்று விற்கிறார்கள்; ஆனால் போதைக்காக உறிஞ்சுகிறவர்கள் உண்டு. அரை லிட்டர் கிரீமுக்கு 8 கிராம் குப்பி ஒன்றே போதும். இதில் 80 மடங்கு வாயு, கூடவே ஸ்ட்ராபெரி வாசனை! சமையலறைக்குச் செய்த பொருளாகவே தெரியவில்லை.

மருத்துவமனையில் வலி குறைக்க இந்த வாயுவைப் பாதிக்குப் பாதி ஆக்சிஜன் கலந்து தருகிறார்கள். சிலிண்டரில் ஆக்சிஜன் துளியும் கிடையாது. மூச்சுத் திணறி உயிரே போகலாம். பீறிடும் குளிர் வாயு உதட்டைப் புண்ணாக்கும், சிலிண்டரைத் தொடையிடுக்கில் வைத்துப் பிடித்தால் தோல் உறைந்து வெந்துபோகும். இந்த வாயுவால் உடலில் பி12 வைட்டமின் செயலிழப்பதால் தண்டுவடம் கெடுகிறது: முதலில் பாதம் மரத்துப்போகும், பிறகு நடை தள்ளாடும். ரத்தத்தில் பி12 அளவு சரியாகவே காட்டலாம், ஏமாறாதீர்கள். பி12 வேலை செய்யாதபோது ரத்தத்தில் கூடும் ஹோமோசிஸ்டீன் என்ற பொருளின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பி12 ஊசிக்கு முன் ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் நரம்புப் பாதிப்பு முற்றும்.

2023 நவம்பர் 8 முதல் போதைக்காக வைத்திருப்பதே பிரிட்டனில் குற்றம். போதைக்காக விற்றால் 14 ஆண்டு வரை சிறை.