மாடிக்கடையில் ஒட்டுக்காசு விற்றேன்

காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம், மாடியில், போர்டு இல்லாத ஒரு பழைய நாணயக் கடை. அந்தக் கடைக்காரர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. படி செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று போன் போட்டால் அவரே இறங்கி வருகிறார். எனக்கு அது தெரியாமல் ஏறித் தொலைத்தேன்.

விற்கப் போனது அப்பத்தாவின் காசுமாலையில் இருந்து என் பங்குக்கு வந்த ஒரு சவரன் காசு, வெள்ளைக்காரன் காலத்துத் தங்கக் காசு. மாலையைப் பிரித்தபோது ஆசாரி வளையத்தை வெட்டி எடுத்துவிட்டார். ராஜா தலைக்கு மேலே, விளிம்பில், வளையத்தை ஒட்டவைத்த பற்றாசு மட்டும் ஒரு மிளகு அளவுக்கு ஒட்டிக்கொண்டு நின்றது. மறுபக்கம் குதிரைமேல் இருக்கிறவர் தலைக்கு நேர் மேலேயும் கொஞ்சம் வழிந்திருக்கும்.

முதலில் போனது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த மாதிரியான ஒரு பெரிய நகைக்கடை. ஏசி, காபி எல்லாம் உண்டு. அங்கே இருந்த பையன் காசைக் காரட் மெஷினில் வைத்தான், 84.2 சதவீதம் தங்கம் என்று காட்டியது. எடை 8.07 கிராம். "22 காரட் இல்லம்மா, கலப்படம் இருக்கு" என்றான். அந்த 84.2-ஐ முழு எடைக்கும் போட்டு, அதற்கு மேல் 2 சதவீதம் கழிவு என்று எழுதிக் கொடுத்தான். 6.66 கிராம் சுத்தத் தங்கம் என்று கணக்கு வந்தது. ராஜா தலை போட்ட காசில் எப்படிக் கலப்படம் வரும் என்று எனக்கு உறைக்கத்தான் செய்தது, ஆனால் மெஷின் சொல்கிறதே! சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மாடிக்கடைக்காரர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆச்சி, காசை எப்படி வச்சாக?" என்று கேட்டார். எனக்கு எங்கே தெரியும். அவர் தன் மெஷினில் மூன்று தடவை வைத்துக் காட்டினார். பற்றாசு உள்ள இடம் கண்ணாடிக்கு நேரே வந்தபோது 84 சொச்சம். ராஜாவின் கன்னத்தில் 91.6. திருப்பி, குதிரையின் வயிற்றில் வைத்தால் மறுபடியும் 91.6. அந்த மெஷின் தன் முன்னால் இருக்கும் ஒரு புள்ளியை, அதுவும் மேல் தோலை மட்டும்தான் பார்க்கிறதாம். ஆசாரி பொடி வைத்து ஊதுகிற பற்றாசு, சீக்கிரம் உருகவேண்டும் என்பதற்காகக் காரட் குறைத்துச் செய்வது. முதல் கடை அந்தப் பொடியின் மாற்றை எடுத்து முழுக் காசுக்கும் போட்டுவிட்டது. தெரிந்து செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா என்று நான் சொல்ல முடியாது. கழிவையும் சேர்த்துப் போட்டதுதான் எரிச்சல்.

அடுத்தது எடை. 8.07 என்றதும் நான், "சவரன் என்றால் எட்டு கிராம்தானே, கூடவே இருக்கே" என்று சந்தோஷமாகச் சொன்னேன். அதுதான் கோளாறே என்றார். நாம் பவுனுக்கு எட்டு கிராம் என்று ரவுண்டாகச் சொல்கிறோம். அந்தப் பெயர் வந்ததே இந்தக் காசை வைத்துத்தான், ஆனால் காசு அச்சடித்து வரும்போதே 7.988 கிராம்தான். புழங்கினால் எடை குறையுமே தவிர ஏறாது. ஆக, கூடுதலாக இருப்பது பற்றாசு. அவர் காசை 7.95 என்று வைத்தார். "பற்றாசுக்குக் காசு தரமாட்டேன். ஆனா பற்றாசுக்காகக் காசிலேயும் கழிக்கமாட்டேன்" என்றார். 91.6-க்குப் போட்டால் 7.28 கிராம் சுத்தம். இரண்டு சீட்டுக்கும் அரை கிராமுக்கு மேல் வித்தியாசம். இன்றைக்கு விற்கிற விலையில் அரை கிராம் என்பது சும்மா இல்லை.

அப்புறம்தான் எனக்குப் பேராசை வந்தது. வருஷம் 1918. அவர் லூப் என்கிற சின்னப் பூதக்கண்ணாடியை என் கண்ணில் மாட்டிவிட்டு, குதிரைக்குக் கீழே, வருஷத்துக்கு மேலே உள்ள தரைக்கோட்டின் நடுவில் பார்க்கச் சொன்னார். கடுகில் பாதி இருக்கும், 'ஐ' என்று ஓர் ஆங்கில எழுத்து. பம்பாய் நாணயச்சாலையில் அடித்ததற்கு அதுதான் அடையாளமாம். முதல் உலகப் போர் நேரத்தில் தங்கத்தைக் கப்பலில் லண்டனுக்கு அனுப்பி அடித்துக்கொண்டு வருவது ஆபத்து என்று பம்பாயிலேயே சவரன் அடித்தார்கள். 1918 என்ற ஒரே வருஷம் போட்டு, கிட்டத்தட்ட 13 லட்சம் காசு. எங்கள் வீட்டில், ஐயா ரங்கூனில் இருந்து கொண்டுவந்த காசு என்றுதான் சொல்வார்கள். இதில் ஒன்றும் இடிக்கவில்லை. 1937 வரை பர்மா இந்தியாவோடு சேர்ந்துதானே இருந்தது.

"அப்போ சேகரிக்கிறவுக கூடக் கொடுப்பாகளா?" என்று கேட்டேன். ஒட்டு இல்லாமல் இருந்தால் தங்க விலைக்கு மேலே கேட்கலாம், ஒட்டு பட்டால் தங்கம்தான் என்றார். 13 லட்சம் அடித்த காசில் நல்லதாக எத்தனையோ கிடைக்கும்போது, சூடுபட்ட காசை யார் கூடுதல் கொடுத்து வாங்குவார்கள்? இன்னொரு குற்றமும் கண்டுபிடித்தார், அது என் கைங்கரியம். விற்கப் போகிறோமே, பளிச்சென்று இருக்கட்டும் என்று முந்தின நாள் பல்பொடி போட்டுத் தேய்த்திருந்தேன். லூப்பில் பார்த்தால் ராஜாவின் கன்னமெல்லாம் பூனை பிறாண்டின மாதிரி கோடு கோடாக இருக்கிறது. அந்தப் பக்கம் பார்க்கவே வெட்கமாக இருந்தது. பழைய காசை அழுக்கோடு கொண்டுவர வேண்டுமாம். துணியால்கூடத் துடைக்கக் கூடாதாம்.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி மகன், அங்கே அனுப்புங்கள், ஏலத்தில் விற்றுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தான். அதைச் சொன்னதும் மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். நூறு வருஷம் தாண்டின காசு 1972-ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவோ அனுப்பவோ கூடாது. கடல் தாண்டிப் போய்க் கொண்டுவிற்ற ஊர்க்காரர்கள் நாம், நமக்கே இந்தக் கதி.

அவர் கணக்கிலும் 1 சதவீதம் கழிவு இருந்தது. 'ஐ' போட்ட காசாச்சே, அதையாவது விடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி என்றார். ஆக, அப்பத்தா காசின் பழமைக்குக் கிடைத்த விலை அந்த ஒரு சதவீதம். உருக்க மாட்டேன் என்றும் சொன்னார். அதை நம்பலாமா என்று தெரியாது, நம்பிக்கொண்டேன்.

குறை இல்லாமல் இல்லை. பதினொன்றரைக்கு முன் கடை திறப்பதில்லை. நான் போனபோது ஒருவர் தபால்தலை ஆல்பத்தோடு உட்கார்ந்திருந்தார், முக்கால் மணி நேரம் காத்திருந்தேன், ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. வாட்ஸாப்பில் படம் அனுப்பி விலை கேட்டால் பதிலே வராது. சீட்டும் நானாகக் கேட்டபிறகுதான் எழுதிக் கொடுத்தார். ஆதார் நகல் வாங்கிக்கொண்டு, பணத்தை பேங்க்கில் போட்டார். அன்றைக்கே வரும் என்று சொன்னார், வந்தது மறுநாள் காலை. அந்த ஓர் இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

தேவகோட்டையில் இருக்கும் தங்கச்சியிடம் அதே மாலையில் வந்த இன்னொரு காசு இருக்கிறது, அதில் வளையம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றியும் கேட்டு வைத்தேன். வெட்ட வேண்டாம், அரம் போட வேண்டாம், ஆசாரியிடம் காட்டவே வேண்டாம், வளையத்தோடு கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார்.